முதல் பத்து நாள்: ரொட்டீனா, யூனிட்டா, தேர்வா?

ஆகஸ்ட் இரண்டாம் வாரம். சென்னைப் புறநகரில் ஒரு சர்வதேசப் பள்ளி, மூன்றாம் வகுப்பு, 22 குழந்தைகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கார் தொழிற்சாலை வேலைக்கு வந்த கொரியக் குடும்பங்களின் பிள்ளைகள் நாலைந்து பேர். ஜப்பானியக் குழந்தைகள் இருவர். அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய தமிழ்க் குழந்தைகள் சிலர், உள்ளூர் சி.பி.எஸ்.இ. பள்ளியிலிருந்து மாறி வந்தவர்கள் சிலர், போன வருஷமும் இதே பள்ளியில் இருந்தவர்கள் மீதிப் பேர். துபாயிலும் சிங்கப்பூரிலும் நாடுகள் மாறும், விகிதம் மாறும். நிலைமை ஏறக்குறைய இதுதான்.

வகுப்பாசிரியர் முடிவு செய்ய வேண்டியது ஒன்று: முதல் பத்துப் பள்ளி நாட்களை எதற்குக் கொடுப்பது? வகுப்பின் அன்றாட நடைமுறைகளை, அதாவது ரொட்டீனை, முதலில் பழக்குவது ஒரு வழி. பாட யூனிட்டை, அதாவது ஒரு கருப்பொருளை வைத்துச் சில வாரம் நடக்கும் பாடத் தொகுதியை, முதல் நாளே திறந்துவிடுவது இன்னொரு வழி. யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பேஸ்லைன் தேர்வு வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குவது மூன்றாவது. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் ஒவ்வொரு ஸ்டாஃப் ரூமிலும் இருப்பார்கள். எங்கள் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறோம். வகுப்பில் ஆங்கிலம் மிகக் குறைவாகத் தெரிந்த குழந்தைக்கு எந்த வரிசை தோதுப்படுமோ, அந்த வரிசைதான் வகுப்பு முழுவதற்கும் சரி.

தேர்வு முதலில்

இந்த வழியின் கவர்ச்சிக்கு நியாயமான காரணம் உண்டு. கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்குகிறது, ஜப்பானில் ஏப்ரலில். ஆஸ்திரேலியாவில் ஜனவரிக் கடைசி, இங்கிலாந்தில் செப்டம்பர், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஜூன். ஆகவே ஆகஸ்டில் ஒரே வகுப்பில் உட்காரும் குழந்தைகளில் ஒன்று முதல் பருவத்தை முடித்துவிட்டு வந்திருக்கும், ஒன்று இரண்டு மூன்று மாதப் பாடத்தோடு வந்திருக்கும், இன்னொன்று நீண்ட கோடை விடுமுறையிலிருந்து நேரே வந்திருக்கும். மாற்றுச் சான்றிதழைப் பார்த்தும் ஏமாறலாம். இங்கிலாந்துக் கணக்கில் ‘இயர் 4’ என்பது அமெரிக்கக் கணக்கில் ‘கிரேடு 3’. இத்தனை குழப்பத்தில் ஓர் எண் கையில் கிடைத்தால் நிம்மதிதானே என்று தோன்றும்.

அந்த எண்ணை முதல் வாரத்திலேயே வாங்குவதில்தான் கோளாறு. சர்வதேசப் பள்ளிகள் பலவும் வைக்கும் மேப் குரோத் தேர்வை எடுத்துக்கொள்வோம். பதிலுக்குத் தகுந்தபடி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும் கணினித் தேர்வு அது. ஒரு பாடத்துக்கு 40 முதல் 50 கேள்விகள், 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை பிடிக்கும். ஹூஸ்டனிலிருந்து போன வாரம் வந்திறங்கிய குழந்தைக்குச் சென்னைக் காலை 11 மணி என்பது உடம்பின் கணக்கில் நள்ளிரவு பன்னிரண்டரை. ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்பது பயணக் களைப்பின் பொதுக் கணக்கு. பத்தரை மணி நேர வித்தியாசம் தெளியப் பத்து நாள் வேண்டும். சியோலிலிருந்து வந்தவருக்கு மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அந்தக் களைப்பு ஒரு வாரம்கூட நிற்காது. ஆனால் அவருக்குக் கேள்வியின் ஆங்கிலமே புரியாது. புரியாத குழந்தை வெறுமனே பொத்தானைத் தட்டிக்கொண்டே போகும். அப்படி மின்னல் வேகத்தில் தட்டுவதை மென்பொருளே கண்டுபிடித்துத் தேர்வை நிறுத்தி மேற்பார்வையாளருக்குச் சொல்லும். அந்த எச்சரிக்கை வருகிறதென்றால், அன்று நீங்கள் அளப்பது கணக்கறிவை அல்ல.

தேர்வு நாளின் சில்லறைத் தொல்லைகள் வேறு. புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு லாகின் வந்திருக்காது. ஹெட்போனில் பாதி வேலை செய்யாது. ஐந்தாவது நாளில் ஒன்றரை மணி நேரம் இதிலேயே கரையும். எல்லாவற்றையும்விட மோசமானது, களைப்பில் எடுத்த மதிப்பெண் ஆண்டு முழுக்க அமைப்பில் உட்கார்ந்திருப்பது. அதே தேர்வை வசந்த காலத்தில் மறுபடி வைக்கும்போது அந்தக் குழந்தை பிரமாதமாக ‘வளர்ந்துவிட்டதாக’ வரைபடம் காட்டும். தூங்கி எழுந்தது மட்டுமே வளர்ச்சி.

இதற்காக முதல் பத்து நாளில் குழந்தைகளை எடைபோடவே கூடாது என்பதில்லை. எடைபோடும் கருவியைச் சின்னதாக்கிக்கொண்டால் போதும்.

வாசிப்புக்கு, நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் மேரி கிளே உருவாக்கிய ரன்னிங் ரெக்கார்டு முறை. 100 சொல்லுக்குக் குறையாத ஒரு பத்தியைக் குழந்தை உரக்க வாசிக்கும், நீங்கள் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொண்டு போவீர்கள். சரியாக வாசித்த சொற்கள் 95 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் அந்த நூல் குழந்தைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் உங்கள் உதவியோடு படிக்க ஏற்றது. 90க்குக் கீழே என்றால் கடினம். தானே திருத்திக்கொண்ட சொல்லைப் பிழையாக எண்ணக்கூடாது, உச்சரிப்பு வேறுபாட்டையும் எண்ணக்கூடாது. ஒரு குழந்தைக்கு எட்டு முதல் பத்து நிமிடம். மற்றவர்கள் அமைதியாக வாசிக்கும் நேரத்தில் தினம் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டால் பத்து நாளில் 22 பேரும் முடிந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. எழுத்தொலிப் பயிற்சி (ஃபோனிக்ஸ்) நன்றாகப் பெற்று வந்த குழந்தை 98 சதவீதம் சரியாக வாசித்துவிட்டு, படித்ததில் ஒரு வரிகூட விளங்காமல் நிற்கும். ஆகவே வாசித்து முடித்ததும் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் படம் வரையட்டும், தாய்மொழியில் எழுதட்டும்.

கணக்குக்கு, சொற்களே இல்லாத ஒரே ஒரு தாள். அதில் 304லிருந்து 178ஐக் கழிக்கும் கணக்கு இருக்கட்டும், செய்முறையை அழிக்க வேண்டாம் என்று சைகையிலாவது சொல்லிவிடுங்கள். விடை 126 என்றால் சரி. 274 என்று வந்தால் குழந்தை ஒவ்வொரு இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது என்று பொருள். 136 என்று வந்தால் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது, ஆனால் நடுவிலுள்ள பூஜ்யம் பத்தாகி, பிறகு ஒன்று கொடுத்து ஒன்பதாவதை விட்டுவிட்டது. இந்த இரண்டு பிழையும் இரண்டு வேறு பாடங்களைக் கேட்பவை. கணினித் தேர்வு தரும் ஒற்றை எண்ணில் இந்த வித்தியாசம் தெரியாது. எண்களை எழுதும் வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறு. லட்சத்தை நம் பிள்ளை 1,00,000 என்று எழுதும், பக்கத்துப் பிள்ளை 100,000 என்று எழுதும். ஏழின் நடுவே குறுக்குக் கோடு போடும் குழந்தையும் வரும். இவற்றைச் சிவப்பு மையால் சுழிக்கவேண்டியதில்லை.

யூனிட் முதலில்

ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலரியேட்) அமைப்பு 1997இல் கொண்டுவந்த தொடக்கநிலைத் திட்டமான பி.ஒய்.பி.யில் ஆண்டுக்கு ஆறு கருப்பொருள்கள், ஆறு யூனிட்கள். ஏறத்தாழ 36 வாரப் பள்ளியாண்டில் யூனிட்டுக்கு ஆறு வாரம் வரும். முதல் இரண்டு வாரத்தை வேறு எதற்காவது கொடுத்தால் முதல் யூனிட் நாலு வாரமாகச் சுருங்கும், அல்லது கடைசி யூனிட் ஜூன் வெயிலில் மாட்டிக்கொள்ளும். கோஆர்டினேட்டர்கள் முதல் நாளே தொடங்கச் சொல்வதன் காரணம் இதுதான். கேம்பிரிட்ஜ் பிரைமரி பாடத்திட்டம் நடத்தும் பள்ளிகளில் கருப்பொருள் நெருக்கடி இல்லை. அங்கே நெருக்குவது பாடநூலின் பக்க எண்.

வழக்கமாக முதலில் வருவது ‘நாம் யார்’ என்ற கருப்பொருள். புது வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது உண்டா என்று தோன்றும். நடைமுறையில் அது கொடி, குடும்ப மரம், ‘என்னைப் பற்றி’ சுவரொட்டி என்று கைவினை வகுப்பாகப் போய்விடும். சர்வதேச வகுப்பில் இந்த மூன்றுமே சிக்கல். ஹூஸ்டனில் பிறந்து, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு, அடையாறில் பாட்டி வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் குழந்தையிடம் உன் நாட்டுக் கொடியை வரை என்றால் எதை வரையும்? பெற்றோர் பிரிந்த வீட்டுக் குழந்தையும் தத்தெடுக்கப்பட்ட குழந்தையும் குடும்ப மரத்தின் கிளையில் யார் பெயரை எழுதுவது? அறிமுகமே இல்லாத 21 பேர் முன்னால், மூன்றாம் நாளில், இதையெல்லாம் கேட்கவேண்டாம்.

அதைவிட நல்ல ஏற்பாடு, முதல் யூனிட்டை ‘நம்மை நாம் ஒழுங்கமைத்துக்கொள்ளும் விதம்’ என்ற கருப்பொருளுக்கு மாற்றிவிடுவது. அப்போது பள்ளியே பாடமாகிவிடும். பேருந்துகளை யார் வரிசைப்படுத்துகிறார்கள், கேன்டீனில் 400 பேருக்கு எப்படிப் பரிமாறுகிறார்கள், மணி அடிப்பது யார் என்று குழந்தைகள் போய்ப் பார்க்கலாம், வரைபடம் போடலாம், எண்ணலாம். மொழி குறைந்த குழந்தையும் இதில் முழு ஆளாக இருக்கும். ரொட்டீன் வேறு, யூனிட் வேறு என்ற சண்டையும் பாதி தீர்ந்துவிடும். ஆனால் பி.ஒய்.பி. பள்ளியில் எந்த வகுப்புக்கு எந்த மாதம் எந்த யூனிட் என்பது பள்ளி முழுவதற்குமான திட்டம். ஆகஸ்டில் போய்க் கேட்டால் நடக்காது. முந்தைய ஏப்ரல், மே மாதங்களிலேயே கேட்டுவைக்க வேண்டும்.

ரொட்டீன் முதலில்

அமெரிக்காவின் ரெஸ்பான்சிவ் கிளாஸ்ரூம் முறை இதைத்தான் வலியுறுத்துகிறது. ஒவ்வொரு நாளும் 20, 30 நிமிடக் காலைக் கூட்டம், அதில் வணக்கம், பகிர்தல், குழு விளையாட்டு, அன்றைய செய்தி என்று நாலு பகுதிகள். ஒவ்வொரு நடைமுறையையும் பாடம்போலவே கற்பிப்பது இதன் மையம். எதற்காக என்று ஒரு வரி சொல்வது, பேசாமல் செய்துகாட்டுவது, என்ன கவனித்தீர்கள் என்று கேட்பது, ஒரு குழந்தை செய்துகாட்டுவது, பிறகு எல்லாரும் செய்வது. இரண்டாவது படியில், ஆசிரியர் வாயைத் திறக்காமல் செய்துகாட்டும் அந்த அரை நிமிடத்தில், ஆங்கிலம் தெரியாத குழந்தையும் தெரிந்த குழந்தையும் சமம். இந்த வழியின் பக்கம் நாங்கள் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

முதல் நாளில் நாலு நடைமுறைகளுக்கு மேல் வேண்டாம். கழிப்பறை, தண்ணீர், ‘எல்லாரும் இங்கே கவனி’ என்ற சைகை, வீடு திரும்பும் வரிசை. புத்தகப் பையை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் நாளைக்கு. கழிப்பறைதான் முதலில் என்பதற்குக் காரணம் உண்டு. கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்ற வகுப்பில், கேட்கச் சொல் இல்லாத குழந்தை பதினோரு மணிவரை காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறகு கால்சட்டை நனையும். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு பல வாரம் அது வாய் திறக்காது. கதவருகே படம் போட்ட அட்டை இரண்டை மாட்டிவைத்து, எடுத்துக்கொண்டு போ, திரும்பி வந்து மாட்டு என்று செய்துகாட்டினால் போதும், பேச்சே தேவையில்லை. கவனத்தைத் திருப்பும் சைகைக்கும் அப்படியே. ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணுவதைவிட, நீங்கள் ஒரு தாளத்தில் கைதட்ட அவர்கள் திருப்பித் தட்டுவது எந்த மொழிக்காரருக்கும் ஒரே நாளில் பிடிபடும்.

இந்த வழி சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, விளையாட்டுகளின் தேர்வு. ‘இரண்டு உண்மை, ஒரு பொய்’ மாதிரிப் பேச்சு விளையாட்டுகள் புதிதாக வந்த குழந்தைக்குத் தண்டனை. பந்தை உருட்டிப் பெயர் சொல்வது, பிறந்த மாத வரிசையில் பேசாமல் நிற்பது போன்றவை போதும். புதிய மொழியில் பேசத் தொடங்குமுன் குழந்தைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில்கூட, மௌனமாக இருப்பது இயல்பு. பேச்சு ஆங்கிலம் வர இரண்டு ஆண்டு, பாட ஆங்கிலம் வர ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பது இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸின் பெயர் பெற்ற கணக்கு. முதல் வாரத்தில் ‘சொல்லு, சொல்லு’ என்று வற்புறுத்துவதால் ஒன்றும் வரப்போவதில்லை.

இரண்டாவது சறுக்கல், இழுத்துக்கொண்டே போவது. இதே பள்ளியில் நாலு வருஷம் படித்துவிட்டு ஐந்தாம் வகுப்புக்கு வரும் குழந்தைக்கு வரிசையில் நிற்பதை இரண்டு வாரம் கற்பித்தால், மூன்றாம் நாளிலிருந்து அதுவே வகுப்பைக் கலைக்கும்.

எந்த வகுப்புக்கு எது

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு ரொட்டீன் முழுப் பத்து நாள். யூனிட்டை மூன்றாம் வாரத்தில் திறந்தால் போதும். மூன்று, நான்குக்கு முதல் ஐந்து நாள் ரொட்டீன், ஆறாம் நாளிலிருந்து மதியத்துக்குப் பிறகு யூனிட். ஐந்துக்கு மூன்று நாள் போதும், நான்காம் நாள் யூனிட்டைத் திறந்துவிடலாம். ரன்னிங் ரெக்கார்டும் கணக்குத் தாளும் எல்லா வகுப்பிலும் இதற்கிடையிலேயே நடக்கும். கணினித் தேர்வு மூன்றாம் வாரத்துக்கு முன்னால் வேண்டாம். நிர்வாகம் தேதியை மாற்றாது என்றால், நாடு மாறி வந்து பத்து நாள் ஆகாத குழந்தைகளுக்கு மட்டுமாவது தனித் தேதி கேளுங்கள். தேர்வுக்கான கால இடைவெளி பெரும்பாலும் சில வாரங்கள் திறந்திருக்கும், இது கிடைக்கக்கூடியதுதான். சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு. சுதந்திர தினமும் விநாயகர் சதுர்த்தியும் இந்தப் பருவத்திலேயே வரும். பத்து நாள் தொடர்ச்சியாகக் கிடைக்காது. விடுமுறைக்கு மறுநாள் பழைய நடைமுறைகளை மறுபடி ஒரு முறை செய்துகாட்ட அரை மணி ஒதுக்குங்கள்.

விதிவிலக்கு ஒன்று. வகுப்பில் புதியவர் மூன்று பேருக்கும் குறைவு, எல்லாருக்கும் ஆங்கிலம் சரளம் என்றால் யூனிட் முதலில் என்பதே சரி. அந்தப் புதியவருக்கு ஒரு துணைக் குழந்தையை நியமித்தால் நடைமுறைகளை அவர் வழியாகவே பிடித்துக்கொள்ளும்.

கூடவே வரும் சின்ன முடிவுகள்

பெயர்ப் பட்டியலை முதல் மணிக்கு முன்பே சரிபாருங்கள். பள்ளி மென்பொருள் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருக்கும். தமிழ்க் குழந்தைக்கு அதில் அப்பா பெயர் ஏறியிருக்கும். வெளிநாட்டு ஆசிரியர் ‘முருகேசன்’ என்று கூப்பிட, கவின் தன்னை அல்ல என்று பேசாமல் இருப்பான். கொரியப் பெயரில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், அங்கே குழப்பம் தலைகீழ். மேசைப் பெயர் அட்டையை லேமினேட் செய்யுமுன் வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒலிப்பதிவோடு கேட்டுவிடுங்கள்.

வகுப்பு உடன்படிக்கையை, அதாவது எல்லாரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போடும் விதிகளை, முதல் நாள் எழுதுவதா, இரண்டாம் வாரக் கடைசியிலா? முதல் நாள் எழுதினால் ‘அடிக்காதே, ஓடாதே’ என்று எல்லாப் பள்ளியிலும் இருக்கும் அதே பட்டியல்தான் வரும். இரண்டாம் வாரக் கடைசி என்றால், கால்பந்துக்குச் சண்டை போட்டதும் பசைக் குச்சி மூடி காணாமல் போனதும் நடந்து முடிந்திருக்கும். குழந்தைகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கும். நாலைந்து வரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், முடிந்தால் வகுப்பில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும். புரியாமல் கையெழுத்துப் போட்ட குழந்தையிடம் பிறகு உடன்படிக்கையைக் காட்டிக் கண்டிப்பது அநியாயம்.

ஒரே மொழிக்காரர்களைச் சேர்த்து உட்காரவைப்பதா, பிரிப்பதா என்பதில் சேர்ப்பவர்கள் பக்கமே நாங்கள். ஆனால் முதல் வாரத்துக்கு மட்டும். அதன்பிறகு காலையில் சேர்ந்து, மதியம் பிரிந்து. முழுக்கப் பிரித்தால் குழந்தை தனித்துப்போகும். முழுக்கச் சேர்த்தே விட்டால் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார், அவர் பாடம் கெடும்.

எழுதுபொருள் பொதுவா, தனியா? தொடக்கநிலைக்குப் பொது. நாலு பேர் மேசைக்குச் சீவிய பென்சில் 8, ரப்பர் 4, கத்தரி 2, பசைக் குச்சி 2. 22 பேருக்கு ஆறு மேசை. சீவியது, முனை மழுங்கியது என்று கதவருகே இரண்டு டப்பா வைத்து மாற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேசையில் பென்சில் ஷார்ப்னர் இருந்தால் எழுதும் நேரம் முழுக்கச் சீவும் நேரம்தான்.

மூன்று மணி

முதல் நாளில் பெரிய பிழைகள் நடப்பது பாட நேரத்தில் அல்ல, வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில். பேருந்து எண், பள்ளிக்குப் பின்னான வகுப்பு, யார் அழைத்துப் போவது என்ற மூன்றையும் முந்தைய நாளே பட்டியலிட்டு, ஒரு பிரதி உங்களிடம், ஒரு பிரதி துணை ஆசிரியரிடம். ஒவ்வொரு பை மேலும் பேருந்து எண்ணும் நிறமும் போட்ட அட்டை. குழந்தைக்கு எண் நினைவிருக்காது, நிறம் நினைவிருக்கும். வழக்கமான நேரத்துக்கு 25 நிமிடம் முன்னாலேயே பையைக் கட்டத் தொடங்கிவிடுங்கள். பெற்றோர் பிற்பகலில் வாட்ஸ்அப்பில் சொல்லும் மாற்றத்தை ஏற்காதீர்கள், அலுவலகம் வழியாக எழுத்தில் வரட்டும். அந்த நேரத்தில் வகுப்பாசிரியர் போனைப் பார்க்கமாட்டார் என்பதைப் பெற்றோருக்கான முதல் கடிதத்திலேயே எழுதிவிடலாம். ஒவ்வாமை உள்ள குழந்தைகளின் பெயரும் படமும் மருந்து இருக்கும் இடமும் சிற்றுண்டி இடைவேளைக்கு முன்பே இரண்டு ஆசிரியர்களுக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் நடுவில் இன்னும் ஒன்றிரண்டு பேர் வந்து சேர்வார்கள். விசா, வீடு, கம்பெனி மாற்றல் என்று காரணம் எதுவும் இருக்கலாம். அவர்களுக்காக ஆகஸ்டிலேயே மூன்று செட் எடுத்துவையுங்கள்: வெற்றுப் பெயர் அட்டை, பை அட்டை, கழிப்பறைப் படம் போட்ட சிறு அட்டைத் தொகுப்பு, அதே கணக்குத் தாள், உடன்படிக்கையில் கையெழுத்துக்கு விட்ட இடம். அவர்கள் வரும் நாளில் முதல் நாளின் நாலு நடைமுறைகளை மறுபடி செய்துகாட்டுங்கள், இந்த முறை உங்களுக்குப் பதில் பழைய குழந்தைகளை விட்டு. ரன்னிங் ரெக்கார்டு அவர்கள் வந்த முதல் பத்து நாளுக்குள், கணினித் தேர்வு வந்த தேதியிலிருந்து மூன்றாம் வாரம்.